பவானிசாகர் டேம் ரோட்டு மீன் கடை: வறுவல் சூப்பர், ஆனா என்ன மீனுன்னு கேட்டு வாங்குங்க

அவசரத்துல படிக்கறவங்களுக்கு மொதல்லயே சொல்லிடறேன். டேஸ்ட்டுக்கு அஞ்சுக்கு நாலரை, விலைக்கு நாலு, உக்கார்ற எடத்துக்கு ரெண்டு, கை கழுவற எடத்துக்கு மார்க்கே கெடையாது, ஒரு டிரம்மும் ஒரு சொம்பும்தான். மத்ததெல்லாம் பொறுமையா படிங்க, கொஞ்சம் நீளமா போகும், ஏன்னா எனக்கு மீன விட டேம் பத்திதான் பேச ஜாஸ்தி இருக்கு.

சத்தியமங்கலத்துலருந்து பதினஞ்சு பதினாறு கிலோமீட்டர் இருக்கும், புளியம்பட்டியிலருந்தும் வரலாம். டேமுக்கு முன்னால பார்க்குக்கு போற ரோட்டுல வரிசையா தகர சீட்டு போட்ட கடைங்க இருக்குதுங்களா, அதுல புளியமரத்தடியில ஒண்ணு, போர்டு கூட இல்ல. ஒரு அக்காதான் வறுக்கறாங்க, அவங்க ஊட்டுக்காரரு டேம்ல பரிசல் போட்டு மீன் புடிக்கறவரு. வெறகு அடுப்பு, பெரிய தோசைக்கல்லு, மசாலா காலைலயே தடவி வெச்சுடறாங்க: மொளகாத்தூள், மஞ்சள், இஞ்சிபூண்டு, உப்பு, எலுமிச்சங்கா, அவ்வளவுதான். கலர் பொடி போடறதில்ல, அதனால கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும், பாத்து ஏமாந்து பக்கத்து கடைக்கு போயிடாதீங்க. கத்தியில நெருக்கமா கீறி விட்டுதான் வறுக்கறாங்க, ரோகுல அந்த ரெண்டா பிரிஞ்ச பொடி முள்ளு இருக்கும் பாருங்க, கீறி விட்டா அது எண்ணெயில மொறுமொறுன்னு ஆயி வாயில குத்தாது. கொழந்தைகள கூட்டிட்டு போறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

தட்டுல பச்ச மீன் காட்டுவாங்க. செவுளத் தூக்கி பாருங்க, செவப்பா இருந்தா ஓகே, பழுப்பா இருந்தா வேணாம்னு சொல்லிடுங்க, அக்கா கோவிச்சுக்க மாட்டாங்க. நான் போனப்ப கட்லா, ரோகு, ஜிலேபி, கொஞ்சம் கெளுத்தி, ரெண்டே ரெண்டு அரஞ்சான். கட்லா ஒரு பீஸ் 60 ரூவா. சனம் பூரா கட்லாதான் கேக்குது. நான் "ஏனுங்க்கா, ஆத்து மீனு எது இதுல?"ன்னு கேட்டேன். அக்கா சிரிச்சுட்டு "எல்லாம் டேம் மீனுதான் கண்ணு"ன்னாங்க. அவங்க ஊட்டுக்காரரு அண்ணன் மட்டும் அந்த அரஞ்சானையும் கெளுத்தியையும் கை காட்டுனாரு.

அவரு சொன்னது சரி. கட்லா, ரோகு, மிர்கால் மூணும் வடக்க கங்கை பக்கத்து மீனு. நம்ம டேமுங்கள்ல குஞ்சு விட்டு வளக்கறது. பவானிசாகர்ல அரசு மீன் பண்ணையே இருக்குது. ஜிலேபி அதுக்கும் மேல, ஆப்பிரிக்காக்காரன். இத ஏன் சொல்றேன்னா, டேம் கட்டுனா ஆத்து மீனு கொறையும், அதுக்கு ஈடா குஞ்சு விட்டு தட்ட நெறப்பிக்கலாம், நாமளும் கட்லா சூப்பர்னு ரிவ்யூ போட்டுட்டு போயிட்டே இருக்கோம். டன் கணக்குல மீன் வருதே அப்பறம் என்னன்னு கேப்பாங்க. வருது, யாரு இல்லேன்னா, ஆனா ஆறு உசுரோட இருக்கான்னு பாக்க அந்தக் கணக்கு ஒதவாது.

டேம் பத்தி தெரியாதவங்களுக்கு: பவானியும் மாயாறும் சேர்ற எடத்துக்கு கீழ 1948ல ஆரம்பிச்சு 1955ல முடிச்சாங்க. மண் அணை, கிட்டத்தட்ட ஒம்பது கிலோமீட்டர் நீளம். மொத்தம் 120 அடின்னு சொல்லி சேறு சகதி 15 அடி கழிச்சு 105 அடின்னு கணக்கு, 32.8 டிஎம்சி புடிக்கும். அக்டோபர் முடியற வரைக்கும் 102 அடிக்கு மேல தேக்க மாட்டாங்க, நவம்பர்லருந்துதான் 105. வெள்ளம் வந்தா வாங்கிக்க மேல எடம் வேணுமில்லங்களா. எங்க தோட்டம் கீழ்பவானி வாய்க்கால்ல ஒத்தப்படை மதகு (ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு நம்பர் போட்டது), அதனால ஊட்டுல டிவி சீரியல விட டேம் லெவல்தான் ஜாஸ்தி பேசுவாங்க. 200 கிலோமீட்டர் வாய்க்கா, 2,07,000 ஏக்கர், அதுல பாதிக்கு நஞ்சைக்கு ஆகஸ்ட் 15 வாக்குல தொறந்து 120 நாள் தண்ணி, மீதி பாதிக்கு அதுக்கப்பறம் புஞ்சைக்கு, அடுத்த வருசம் மாத்தி. இதுபோக கொடிவேரி, காலிங்கராயன் வாய்க்கா பழைய ஆயக்கட்டு (பாசன நெலம்), குடிதண்ணி வேற. இத்தன பேருக்கு பங்கு போடற தண்ணி அது. இந்த பங்குல மீனுக்குன்னு ஒரு வரி கூட கெடையாது, அதான் என் புகாரு.

வாய்க்கா அடைக்கறப்ப பாத்திருக்கீங்களா? மதகுக்குள்ள பூந்து வந்த மீனு பூரா பாலத்தடி குழியில தேங்கி நிக்கும், பசங்க வேட்டிய விரிச்சு அள்ளுவாங்க. நானும் அள்ளுனவன்தான். கீழ வரதுக்கு வழி இருக்குது, மேல திரும்பி போக வழியில்ல. ஆத்துலயும் இதே கதைதான். அண்ணன் சொன்னாரு, "தண்ணி தொறக்கறப்ப டேமுக்கு கீழ நின்னு பாருங்க தம்பி, மீனு பூரா எதுக்க மூஞ்சிய வெச்சுட்டு நிக்கும், ஏறத்தான் பாக்கும், எங்க ஏறறது?" ஜூன் ஜூலைல புதுத்தண்ணி வந்தா முட்டை போட மேல ஏறறது அதுங்க வழக்கம். டேமுக்கு மேல இருக்கற மீனுக்காச்சும் மாயாறு இருக்குது. கூன் முதுகு மஹ்சீர்னு ஒண்ணு, காவேரி படுகைய விட்டா ஒலகத்துல வேற எங்கயும் இல்லாதது, 2018லதான் அது எந்த இனம்னே முடிவாச்சு, அழியற நெலமையில இருக்கறதுன்னு பட்டியல்லயும் சேத்தாங்க. அதுக்கு மிஞ்சியிருக்கற ஒருசில எடத்துல மாயாறும் ஒண்ணு. பவானி பக்கம் மேல இருக்கற பில்லூர் டேம்ல கரண்ட்டு ஜெனரேட்டர் ஓடுனா மேட்டுப்பாளையத்துல ஆறு திடீர்னு ஏறும், நிறுத்துனா எறங்கும், ஓரத்துல போட்ட முட்டை காஞ்சு போகும். குளிக்க எறங்கறவங்களுக்கு சைரன் இருக்குது, முட்டைக்கு என்ன இருக்குது?

ஒடனே "மீன் ஏணி வைக்கலாமே"ன்னு ஒருத்தர் வருவாரு. தொட்டி தொட்டியா படி மாதிரி கட்டி, படிக்கு ஒரு அடி வித்தியாசம்னு விட்டா மீனு தாவித் தாவி ஏறிடும், சின்ன அணைக்கு அது சரி. நூறு அடிக்கு மேல இருக்கற டேமுக்கு அப்படி வெச்சா நூறு தொட்டிக்கு மேல வேணும், நம்ம கெண்டை பாதியிலயே களைச்சு போயிடும், அதுக்கு லிஃப்ட்டு மாதிரி வேற ஏற்பாடு வேணும். சொல்லப்போனா என் கண்ணு பெரிய டேம் மேலயே இல்ல. மேட்டூருக்கு கீழ காவேரில செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டைன்னு வரிசையா கதவணை, ஒவ்வொண்ணுலயும் 30 மெகாவாட் கரண்ட்டு எடுக்கறாங்க. ஒசரம் கம்மி, ஆனா ஒண்ணு முடிஞ்சா அடுத்த தேக்கம்னு ஆறே ஓடாம நிக்குது. மீனுக்கு வழி விடணும்னா இங்கதான் மொதல்ல விடணும், செலவும் ஒப்பேறும். யமுனையில ஹத்னிகுண்ட்ல மீன் ஏணியோடதான் அணை கட்டியிருக்காங்க, ஆனா கட்டிட்டா மட்டும் போதாது, வாசல் எங்க இருக்குன்றதுதான் விஷயம். மீனு வேகமா தண்ணி வர்ற பக்கம்தான் போகும், டர்பைன் தண்ணி கொட்டற எடத்த விட்டு தள்ளி வாசல் வெச்சா ஒரு குஞ்சு கூட அந்தப்பக்கம் எட்டிப் பாக்காது. கடல்லருந்து காவேரில ஏறி வந்துட்டிருந்த உல்ல மீன பத்தி பெரியவங்க சொல்லுவாங்க, 1934ல மேட்டூர் டேம் வந்தப்பறம் அந்த வரத்து படுத்துருச்சு. இன்னைக்கு உல்லம்னா எங்க பக்கத்து பசங்களுக்கு பேரே தெரியாது.

சரி, கடைக்கு வரேன். எப்ப போலாம்னு கேட்டா, டேம் நெறஞ்சு கெடக்கறப்ப மீன் சிதறிடும், வரத்து கம்மி, ரேட்டு ஏறும். லெவல் எறங்க எறங்க வலையில நல்லா விழும். ஆனா ரொம்ப எறங்கி வெயில்ல பாசி புடிச்ச நேரத்துல ஜிலேபிய தொடாதீங்க, சேத்து வாடை அடிக்கும், எந்த மசாலாவும் மறைக்காது. என்னோட சாய்ஸ் கெளுத்தி கொழம்பு, ஞாயித்துக்கெழம மட்டும்தான், மத்தியானம் ஒரு மணிக்குள்ள தீந்துரும். புளி கம்மியா, தேங்கா அரைச்சு ஊத்தி, சோத்துல போட்டு பெசஞ்சா கை மணக்கும். அரஞ்சான் கெடைச்சா முழுசா வறுக்க சொல்லுங்க, பீஸ் போட்டா வேஸ்ட்டு. அதுல சின்னதா இருந்தா மட்டும் வாங்காதீங்க, "பெருசானப்பறம் குடுங்க்கா"ன்னு சொல்லுங்க, நாலு பேரு சொன்னா அவரும் வலைக்கண்ண பெருசாக்குவாரு.

கொறைன்னு பாத்தா, அக்கா தனியாளு, கூட்டம் வந்தா பழைய எண்ணெயிலயே மேல ஊத்தி ஓட்டறாங்க, சாயங்காலத்துல எண்ணெய் கருத்து போயிடுது. அதனால மத்தியானமே போயிடுங்க. ஆடிப் பதினெட்டு அன்னைக்கு வேணவே வேணாம், கார் நிறுத்தவே எடம் கெடைக்காது. பார்சல் வாழையெலையிலதான் கட்டறாங்க, நல்லா இருக்குது, ஆனா மசாலா ஒழுகும், சீட்டுல வெக்காதீங்க. காசு கையில கொண்டு போங்க, அங்க சிக்னல் சில நேரம் கெடைக்காது, ஜிபே சுத்திட்டே கெடக்கும்.