மூட்ஜிம்: எண்ணங்களைச் சோதித்துப் பார்க்க ஓர் இணையப் பயிற்சி

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கி 2001இல் வெளிவந்த மூட்ஜிம், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான இணையவழித் தன்னுதவிப் பயிற்சிகளில் மூத்த ஒன்று. ஒரு நிகழ்வைவிட அதைப் பற்றி நமக்குள் தானாக எழும் எண்ணமே நம்மை அதிகம் வருத்தக்கூடும் என்ற, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வளர்த்தெடுத்த சிகிச்சைமுறையின் அடிப்படையை இது ஐந்து பகுதிகளில் கற்பிக்கிறது.

இதன் உயிர்நாடி, கோணலான எண்ணங்களை இனங்கண்டு நேராக்கும் நடுப்பகுதிகள்தாம். அனுப்பிய செய்திக்கு நண்பர் பதில் தராதபோது ‘என்னை வெறுத்துவிட்டார்’ என்று முடிவுகட்டுவதும், ஒரு தேர்வில் தவறியதும் ‘நான் எதற்குமே லாயக்கில்லை’ என்று வாழ்க்கை முழுவதற்கும் தீர்ப்பெழுதுவதும் நம்மில் பலருக்குப் பழக்கம். அத்தகைய எண்ணத்தை எழுதிவைத்து, அதற்குச் சாதகமான சான்று எது, பாதகமான சான்று எது என்று நிதானமாக விசாரிக்கும்போது, துயரம் முற்றிலும் மறையாவிட்டாலும் அதன் பிடி தளர்கிறது. ‘நல்லதையே நினை’ என்ற வெற்று அறிவுரையைவிட இது எவ்வளவோ மேல்.

மனச்சோர்வு அறிகுறிகள் கொண்ட 525 பேரிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில் இப்பயிற்சி பலன் தந்தது. ஆனால், அவர்களை வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்துப் பேச ஆட்கள் இருந்தனர் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். தனியாகப் பயில்பவர் பாதியில் விட்டுவிடும் வாய்ப்பு அதிகம்.

இப்பயிற்சியில் வரும் கேலிச்சித்திரப் பாத்திரங்கள் வளர்ந்தவர்களுக்குச் சற்றுச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். தமிழ் வடிவம் இல்லாதது பெருங்குறை. லேசான, நடுத்தரச் சோர்வுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் தாமதிக்காமல் மருத்துவரையே நாட வேண்டும்.