பள்ளியில் வாராவாரம் நீல மாத்திரை: வகுப்பாசிரியர் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை வாரம் ஒன்றாகத் தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் நல்ல திட்டம். ஆனால் அதன் பலன் முழுக்க வகுப்பாசிரியர் கையில்தான் இருக்கிறது.

தேவை பற்றிச் சந்தேகமே இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15-19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31.1 சதவீதம். இது பெண் பிள்ளைகளுக்கான மாத்திரை என்று பையன்களை விட்டுவிடும் வகுப்புகள் இன்னும் உண்டு; அது தவறு.

தொடக்கத்தில் ஒரு மாத்திரையில் 100 மில்லிகிராம் இரும்பு இருந்தது. 2018-இல் வந்த இரத்தசோகை ஒழிப்புத் திட்டம் அதை 60 மில்லிகிராமாகக் குறைத்தது. ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். இரும்பின் அளவு குறைந்தது வயிற்றுத் தொல்லை குறைய உதவும். கூடவே ஆண்டுக்கு இரு முறை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரை தருகிறார்கள். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்தால், இரும்பு கொடுத்தும் பலன் பாதிதான்.

பெரும்பாலும் கோளாறு வருவது நேரத்தில். காலை முதல் பாடவேளையில் கொடுத்து வேலையை முடிக்க நினைத்தால், சாப்பிடாமல் வந்த பிள்ளைகளுக்குக் குமட்டலும் வயிற்றுவலியும் வரும். ஒருத்தி வாந்தி எடுத்தால் பயத்திலேயே இன்னும் நாலு பேருக்குத் தலை சுற்றும். அப்போது அந்தப் பிள்ளையைத் தனியே படுக்கவைத்து, மற்றவர்களைப் பாடத்துக்குத் திருப்ப வேண்டும். மதிய உணவு முடிந்து அரைமணிக்குள் வகுப்பிலேயே கொடுப்பதுதான் சரி. சத்துணவு 10-ஆம் வகுப்போடு நின்றுவிடுவதால், 11, 12 மாணவர்களிடம் “சாப்டியா?” என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையை எடுக்க வேண்டும்.

மாத்திரையைப் பிள்ளையின் உள்ளங்கையில் ஆசிரியரே வைக்க வேண்டும். கடித்தால் இரும்பு வாடை நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தண்ணீரோடு முழுசாக விழுங்கச் சொல்லுங்கள். பிறகு வாயைத் திறந்து காட்டட்டும், கன்னத்தில் ஒதுக்கி ஜன்னலுக்கு வெளியே துப்புகிறவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். ஆசிரியரும் அவர்கள் முன்னால் ஒன்று போட்டுக்கொண்டால் தயக்கம் பாதி போய்விடும். முன்பின் ஒரு மணி நேரம் டீ, காபி, பால் வேண்டாம்; அவை இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். கொய்யாவோ நெல்லிக்காயோ சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மறுநாள் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாத இடத்தில்தான் வதந்தி கிளம்புகிறது.

மாத்திரை அட்டையை ஒருபோதும் மாணவர் கையில் விடாதீர்கள். 2023 மார்ச்சில் உதகையில் போட்டி போட்டு நிறைய மாத்திரைகளை விழுங்கிய மாணவிகளில் ஒருவர் இறந்தார். அளவு மீறினால் இரும்பு விஷம். குடலையும் கல்லீரலையும் தாக்கும். இருப்பு பூட்டிய பீரோவில், ஈரம் படாமல் இருக்கட்டும். காலாவதி தேதி அருகில் உள்ள அட்டை முதலில் வெளியே வரட்டும். விடுமுறைக்கு உரிய மாத்திரைகளைப் பெற்றோரிடம் எண்ணிக் கொடுப்பதே பாதுகாப்பு.

ஆசிரியர்களின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறை இணையதளப் பதிவுகளோடு மாத்திரைப் பதிவேடு, மாத அறிக்கை என்று எழுத்துவேலை சேர்கிறது. ஆனால் யாருக்கு ஹீமோகுளோபின் ஏறியது என்ற தகவல் வகுப்புக்குத் திரும்பி வந்தால்தானே அந்த உழைப்புக்கு அர்த்தம்? சுகாதாரத் தூதுவர்களாகப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நியமிக்கும் 2020 திட்டம் நல்ல யோசனை. அவர்களுக்குப் பாடவேளையைக் குறைத்துக் கொடுத்தால்தான் அது நடக்கும்.

வாரம் ஒரு மாத்திரை என்பது தடுப்புக்கு மட்டுமே. கண்ணின் கீழிமையும் நகமும் வெளுத்து, மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் பிள்ளைக்கு அது போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் இருப்பதாகத் தெரிந்த பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் இந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.