பழைய ஜன்னலில் பெயிண்ட் உரிக்க: உப்புத்தாளா, ஹீட் கன்னா, ரிமூவரா?

பெங்களூர் அல்சூரில் இருக்கும் எங்கள் அம்மா வீடு தாத்தா காலத்துக் கட்டடம். ஜன்னலும் நிலையும் எல்லாம் தேக்கு. ஆனால் தேக்கு என்று பார்த்தால் தெரியாது, அவ்வளவு எனாமல். ஒரு மூலையில் உளியால் சாய்வாகச் சீவிப் பார்த்தேன். மேலே கிரீம், அதற்குக் கீழே பிஸ்தா பச்சை, அப்புறம் கரும்பச்சை, கடைசியில் பிங்க் பிரைமர், அதற்கும் அடியில் மரம்.

அந்தக் காலத்து பிங்க் பிரைமரில் ஈயவெள்ளையும் ஈயச்செந்தூரமும் சேர்ப்பது வழக்கம். மஞ்சள், பச்சை எனாமல்களிலும் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் அதற்கு முன்பு அடித்த எனாமலில் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஒரு சில்லைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். எது சீக்கிரம் முடியும், எது மலிவு என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இது எனக்குப் புரிவதற்குள் ஒரு தப்பு நடந்துவிட்டது. பெயிண்டர் உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் சாண்டர் மிஷினோடு வந்து, "ரெண்டே நாள்ல மரத்தைக் காட்டிடறேன் அக்கா" என்றார். அரை மணி நேரத்தில் கூடம் முழுக்க மாவு போலப் பச்சைத் தூள். தங்கையின் குழந்தைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை, தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிற வயது. ஈயம் பாதிப்பதும் அந்த வயதில்தான் அதிகம், வளரும் மூளையைத் தாக்கும். உடனே மிஷினை நிறுத்தச் சொன்னேன். குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, துடைப்பத்தைத் தொடாமல் ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தோம். பெருக்கினால் தூள் மறுபடி காற்றில் ஏறும். பழைய பெயிண்டுக்கு முதல் வேலையாக உப்புத்தாள் போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பெயிண்ட் முழுக்கப் போன பிறகு கடைசியில் மரத்தை வழவழப்பாக்க, அதுவும் தண்ணீர் தொட்டுத் தேய்க்க மட்டும் அது போதும்.

அடுத்து ஹீட் கன், அதாவது சூடான காற்றை ஊதும் மிஷின். பலகை, சட்டம், நிலை என்று தட்டையாக இருக்கும் இடத்துக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. சூடு பட்டதும் நாலு பூச்சும் சேர்ந்து அப்பளம் போலப் பொங்கும். அந்த நொடியில் பட்டித்தகட்டைச் சாய்த்துத் தள்ளினால் ரிப்பன் ரிப்பனாகச் சுருண்டு வரும். தூள் பறக்காது. ஆனால் சூட்டை முழுசாக ஏற்றிவிடக் கூடாது. சூடு அதிகமானால் ஈயம் புகையாக எழும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1100 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல், அதாவது 590 செல்சியஸுக்கு மேல், ஈயப் பெயிண்டில் ஹீட் கன் வைக்கத் தடை விதித்திருக்கிறது. நாங்கள் 400 செல்சியஸைத் தாண்டவில்லை. பெயிண்ட் புகைய ஆரம்பித்தால் கன்னை உடனே பின்னால் இழுக்க வேண்டும். கண்ணாடி பக்கத்தில் இருந்தால் ஒரு பக்கச் சூட்டிலேயே விரிசல் விடும், அதனால் கழற்றிவிடுங்கள். நிலைக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் காய்ந்த குப்பை கிடந்தால் உள்ளேயே கனன்று கொண்டிருக்கும். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஆள் இருக்க வேண்டும், கையெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீரும்.

கடைசல் வேலை, பூ வேலை, கம்பி நுழையும் ஓட்டை, இங்கெல்லாம் தகடு போகாது, பெயிண்டை இளக்கும் ரசாயனமான ரிமூவர்தான் வேண்டும். ஆனால் டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள். மெதிலீன் குளோரைடு கலந்தது பத்து நிமிஷத்தில் பெயிண்டைச் சுருட்டிவிடும். அதே பொருள் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், அதாவது திறந்ததுமே ஆவியாகிக்கொண்டிருக்கும். காற்றைவிடக் கனமான ஆவி என்பதால் மூடிய அறையில் கீழேயே தங்கும். உடம்புக்குள் போனால் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவாக மாறும். அமெரிக்காவில் 2019-லேயே வீட்டு உபயோகத்துக்கு விற்பதை நிறுத்திவிட்டார்கள். பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவானது. கெட்டியாகப் பூசி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, பல மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை பரவாயில்லை. பழைய பல் பிரஷ்ஷும் மூங்கில் குச்சியும் வைத்துச் சுரண்டினோம், கடைசல் நுனிகூட மழுங்கவில்லை.

காஸ்டிக் சோடா மலிவு என்று சிலர் சொல்வார்கள். எனாமல் எண்ணெயைச் சோப்பாக மாற்றித்தான் அது உரிக்கிறது, உண்மையிலேயே நன்றாக உரிக்கும். ஆனால் தேக்கு கறுத்துப்போகும், நார் எழும்பும், பசை போட்ட மூட்டு தளரும். மிச்சக் காரம் மரத்தில் தங்கினால் மேலே போடும் பாலிஷ் பிடிக்காது. தேக்குக்கு வேண்டவே வேண்டாம்.

ஸ்டோர் ரூம் கதவை உரிக்காமலே விட்டோம். பெயிண்ட் எங்கும் பெயரவில்லை, உரசும் விளிம்பும் இல்லை, மேலே ஒரு கோட் போட்டு மூடினோம். சுரண்டிய சில்லுகளை இரண்டு பையில் போட்டுக் கட்டியாகிவிட்டது. உடைந்த சட்டங்களை மட்டும் வெந்நீர் அண்டாவுக்கு அடுப்பு விறகாக எடுத்து வைத்திருந்தார் அம்மா. அதைப் பார்த்ததும் ஓடிப்போய் வாங்கி, அதே பைகளோடு சேர்த்து வைத்தேன்.