கருவியில் எழுதுவதா, ரௌட்டரில் ஒதுக்குவதா? வீட்டு வலையமைப்பின் நிலையான முகவரிகள்

வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் மாறாத ஐபி முகவரி (வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்) தேவையில்லை. கைபேசிக்கு இன்று ஒரு எண்ணும் நாளை வேறு எண்ணும் கிடைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பிரிண்டர், கண்காணிப்புக் கேமராக்களின் பதிவுப்பெட்டி, கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டி ஆகியவற்றின் நிலை வேறு. கணினியில் பிரிண்டரை அதன் ஐபி எண்ணைக் கொண்டு இணைத்திருந்தால், அந்த எண் மாறிய பிறகு, தாளும் மையும் நிறைந்திருந்தாலும் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு கருவியின் அமைப்புப் பக்கத்துக்கும் சென்று அதன் முகவரியை நாமே எழுதி வைப்பது முதலாவது. கருவிகளைத் தானியங்கி நிலையிலேயே விட்டுவிட்டு, ‘இந்த மேக் முகவரி உள்ள கருவி எப்போது கேட்டாலும் இந்த எண்ணையே கொடு’ என்று ரௌட்டரில் பதிந்து வைப்பது இரண்டாவது. மேக் முகவரி என்பது கருவியின் வலையமைப்புப் பகுதிக்குத் தயாரிப்பாளர் கொடுத்த அடையாளம். நிறுவனத்துக்கு நிறுவனம் இதன் பெயர் மாறும். ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்றோ ‘ஸ்டாட்டிக் லீஸ்’ என்றோ டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக எண் வழங்கும் வசதி) பக்கத்தில் இருக்கும். முதல் வழியில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் வீட்டு வலையமைப்பை, இணைய நிறுவனத்தை மாற்றியபோது இரண்டாவது வழிக்குக் கொண்டுவந்தேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைப்பதில் பொருளில்லை.

வேகத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை, பாதுகாப்பிலும் இல்லை, செலவு எதுவும் இல்லை. இணைய நிறுவனத்திடம் கட்டணம் கட்டிப் பெறும் நிலையான பொது முகவரி இதிலிருந்து முற்றிலும் வேறான விஷயம். அது ரௌட்டரின் வெளிப்பக்கமான வான் பகுதியில் எழுதப்படுவது. அங்கே 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கும் முகவரி தெரிந்தால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். அந்நிலையில் வீட்டுக்குள் எண்களை எவ்வளவு ஒழுங்காக வைத்தாலும் வெளியிலிருந்து நேரடியாகப் பதிவுப்பெட்டிக்குள் நுழைய முடியாது.

கருவியிலேயே எழுதும் வழியில் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (எந்த எண்கள் நம் வலையமைப்பைச் சேர்ந்தவை என்று சொல்வது), கேட்வே (வெளியே செல்லும் வழியான ரௌட்டரின் முகவரி), டிஎன்எஸ் (இணையப் பெயர்களை எண்களாக்கித் தரும் சேவையின் முகவரி) ஆகிய நான்கையும் கொடுக்க வேண்டும். கணினியில் இது நொடியில் முடிகிற வேலை. இரண்டே வரி காட்டும் சிறு திரையுள்ள பிரிண்டரில் அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தி அழுத்தி 192.168.001.050 என்று ஒவ்வோர் இலக்கமாக நகர்த்துவது பொறுமையைச் சோதிக்கும். நான்கில் டிஎன்எஸ் மட்டும் தவறினால், வீட்டுக்குள் எல்லாம் சரியாக இயங்குவது போலவே இருக்கும். பதிவுப்பெட்டி இணையத்தில் நேரம் பார்க்க முடியாமல் அதன் கடிகாரம் மெல்ல விலகத் தொடங்கியபின்தான் விஷயம் வெளியே வரும். மேலும், ரௌட்டர் தானாக வழங்கும் எண்களின் வரம்புக்கு வெளியிலிருந்தே நம் எண்களை எடுக்க வேண்டும். முகவரியின் கடைசி எண்ணில் வரம்பு 100 முதல் 199 வரை என்றால் 2 முதல் 99 வரை நம்முடையவை. வரம்புக்குள்ளிருந்தே ஓர் எண்ணைப் பிரிண்டருக்கு எழுதிவிட்டால், பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் ரௌட்டர் அதே எண்ணை ஒரு விருந்தினரின் கைபேசிக்குக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

ரௌட்டரில் ஒதுக்கும் வழியில் எழுத வேண்டியது மேக் முகவரியும் ஐபி எண்ணும் மட்டுமே. மேக் முகவரி கருவியின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டிய சீட்டில் பன்னிரண்டு எழுத்துகளாக அச்சாகியிருக்கும். பெரும்பாலான ரௌட்டர்களில் அதைக்கூடத் தட்டச்சு செய்யாமல், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் ரௌட்டரே சொல்லிக்கொள்ளும். ஒதுக்கும் எண் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று சில ரௌட்டர்கள் கேட்கின்றன. வெளியே இருந்தாலும் சில ஏற்றுக்கொள்கின்றன. ஒதுக்கிய எண்ணை வேறு கருவிக்கு ரௌட்டர் கொடுப்பதில்லை என்பதால் மோதல் பற்றிய கவலை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

இதுவரை சொன்னவை அமைக்கும் நாளின் சங்கதிகள். என்னைப் பொறுத்தவரை இந்தத் தேர்வைத் தீர்மானிப்பது பராமரிப்பு, அதிலும் குறிப்பாக ரௌட்டரை மாற்றும் நாள். பிரிண்டரும் பதிவுப்பெட்டியும் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் இருக்கும், ரௌட்டர் அப்படியல்ல. இடி மின்னலில் போகும். நிறுவனத்தை மாற்றினால் புதுப்பெட்டி வரும். புதுப்பெட்டி தன் சொந்த எண்வரிசையோடுதான் வரும். டிபி-லிங்க், டி-லிங்க் ரௌட்டர்களில் பெரும்பாலும் 192.168.0.1, நெட்கியர், லிங்க்ஸிஸ் என்றால் பொதுவாக 192.168.1.1, ஜியோஃபைபர் பெட்டியில் 192.168.29.1; மைக்ரோடிக் என்றால் 192.168.88.1. பழைய ரௌட்டர் 1-ஆம் வரிசையில் (அதாவது முகவரியின் மூன்றாவது எண் 1) இருந்து புதியது 29-ஆம் வரிசையில் இருந்தால், 192.168.1.50 என்று தனக்குள் எழுதி வைத்திருக்கும் பிரிண்டருக்கும் புதிய ரௌட்டர் வழியாக எண் பெற்ற கணினிகளுக்கும் இடையே பேச்சுவார்த்தை நின்றுவிடும். கம்பி செருகியிருக்கும், விளக்கு எரியும், ஆனால் ஒன்றும் வராது.

பதிவுப்பெட்டியில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். அதன் முகவரியை மாற்ற அதற்குள் நுழைய வேண்டும். வலையமைப்பு வழியாக நுழைய அதன் பழைய வரிசையில் நாம் இருக்க வேண்டும். ஒன்று, மடிக்கணினிக்குத் தற்காலிகமாக 192.168.1.20 போன்ற பழைய வரிசை எண்ணைக் கையால் கொடுத்து, பெட்டியின் பக்கத்தைத் திறக்க வேண்டும். அல்லது பரண்மேல் இருக்கும் பெட்டிக்கு ஒரு டிவியையும் மவுஸையும் தூக்கிச் சென்று செருக வேண்டும். எப்படி நுழைந்தாலும் அட்மின் கடவுச்சொல் கேட்கும். பல வீடுகளில் அது கேமரா பொருத்திவிட்டுப் போன தம்பிக்கு மட்டுமே தெரியும். அவரோ வேறெங்கோ ஏணிமேல் நின்றுகொண்டிருப்பார்.

ரௌட்டரில் ஒதுக்கிய வீட்டிலும் பட்டியலைப் புதிய ரௌட்டரில் மறுபடி பதியத்தான் வேண்டும். ஆனால் அது ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி முடிகிறது. அதைவிட முக்கியமானது, பட்டியலைப் பதியும் முன்பே எல்லாக் கருவிகளும் புதிய வரிசையில் ஏதோ ஓர் எண்ணைப் பெற்று, நம் கண்ணுக்குத் தென்படுகின்றன. கூப்பிட்டால் குரல் கொடுக்கின்றன. கம்பித் தொடர்பிலுள்ள கருவிகளுக்கு இது தானாகவே நடக்கும். வைஃபை கருவிகளுக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் புதிய ரௌட்டருக்கும் வைத்துவிட்டால் போதும்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. புதிய ரௌட்டரின் உள்முகவரியையே 192.168.1.1 என்று மாற்றிவிட்டால், கருவிகளில் எழுதியவை அப்படியே செல்லுபடியாகுமே என்று கேட்கலாம். உண்மைதான், ரௌட்டர் அதற்கு இடம் கொடுத்தால் அது நல்ல வழி. ஆனால் புதிய பெட்டியின் தானியங்கி வரம்பு 2-இலிருந்தே தொடங்கினால் அதையும் சுருக்கியாக வேண்டும். பழுது பார்க்க வருபவர் ஊசித்துளைப் பொத்தானை அழுத்திப் பெட்டியை ஆலை நிலைக்குத் திருப்பிவிட்டால் எல்லாக் கருவிகளும் மறுபடி ஊமையாகிவிடும். ஒதுக்கீட்டுப் பட்டியலும் அந்த அழுத்தில் அழியும் என்பது வேறு விஷயம். அமைப்புக் கோப்பைக் காப்பெடுத்து வைத்திருந்தால் அதே மாதிரி ரௌட்டரில் மீட்டெடுக்கலாம். மாதிரி மாறினால் அந்தக் கோப்பு பெரும்பாலும் உதவாது என்பதால் பட்டியலைத் தாளிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

கருவியிலேயே எழுதுவது தெளிவாக வெல்லும் இடம் மின்வெட்டு. மின்சாரம் திரும்பியதும் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். ரௌட்டர் முழுமையாக எழுந்து எண் வழங்கத் தொடங்கும் முன் கேட்ட கருவிக்குப் பதில் கிடைக்காது. விண்டோஸ் கணினி அப்போது 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே சூட்டிக்கொண்டு, பிறகு விட்டுவிட்டுக் கேட்டுப் பார்க்கும். கையால் எழுதிய கருவிக்கு இந்தக் காத்திருப்பே இல்லை. மறுபடி கேட்காமல் அப்படியே நின்றுவிடும் மலிவான கருவி வீட்டில் இருந்தால், அதற்கு மட்டும் கையால் எழுதி, அதே எண்ணை ரௌட்டரிலும் ஒதுக்கிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் ரௌட்டருக்கென்று 12 வோல்ட் சிறு யுபிஎஸ் இருப்பதால் இந்தச் சிக்கல் எழவில்லை. யுபிஎஸ் இல்லாமல், நாளுக்குப் பலமுறை மின்சாரம் போகும் ஊரில் நான் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க மாட்டேன்.

மாடியில் வைஃபையை நீட்டிக்க வைத்திருக்கும் பழைய ரௌட்டர் இந்த விதிக்கு விலக்கு. அதன் டிஹெச்சிபியை அணைத்து, கீழிருந்து வரும் கம்பியை அதன் வான் துளையில் அல்லாமல் லான் (உள்வலையமைப்பு) துளையில் செருகி, வரம்புக்கு வெளியே ஓர் எண்ணை அதற்குள்ளேயே எழுத வேண்டியிருந்தது.

கைபேசிகளுக்கு எண் ஒதுக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் கைபேசிகள் வைஃபைக்கு உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் ஒரு போலி முகவரியைக் காட்டுவதே வழக்கநிலை. வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்தால்தான் ஒதுக்கீடு நம்பத்தக்கதாக இருக்கும். மடிக்கணினிக்குக் கம்பிக்கு ஒன்றும் வைஃபைக்கு ஒன்றுமாக இரண்டு மேக் முகவரிகள் இருப்பதையும் மறக்கக்கூடாது.

என் அனுபவம் ஒரே முதன்மை ரௌட்டர் உள்ள வீட்டோடு முடிகிறது. வீடு முழுக்க வைஃபை பரப்பச் சேர்ந்து இயங்கும் மெஷ் கருவிகளை நான் கையாண்டதில்லை. இங்கே சொன்னவை அனைத்தும் நான்கு எண்களாலான ஐபிவி4 முகவரிகளுக்கானவை. நீளமான புதிய வகையான ஐபிவி6-இல் முகவரியின் முற்பகுதி இணைய நிறுவனத்திடமிருந்து வருவதால் கணக்கே வேறு.

கையால் எழுதிய வீட்டை மாற்ற விரும்பினால் எண்களைத் தொட வேண்டியதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் இப்போதுள்ள அதே எண்ணை முதலில் ரௌட்டரில் ஒதுக்கி, அதன்பின் கருவியைத் தானியங்கி நிலைக்குத் திருப்பி, அணைத்துப் போட்டால் அதே எண்ணோடு எழுந்து வரும்; கணினிகளில் பதிந்த பிரிண்டர் இணைப்பும் கலையாது. பிரிண்டரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நகரலாம். பதிவுப்பெட்டியை மட்டும், அதன் அட்மின் கடவுச்சொல் கைக்கு வந்த பிறகு தொடுவது உத்தமம்.