ஹெச்ஆர் மென்பொருள்: சம்பளத்துக்குச் சரி, வளர்ச்சிக்கு?

எங்கள் அலுவலகத்தில் ஓடும் ஹெச்ஆர் மென்பொருளைப் பற்றித்தான், பெயர் வேண்டாம். வருகைப்பதிவு, லீவு, சம்பளச் சீட்டு எல்லாம் பிசகில்லாமல் நடக்கிறது, அதில் குறையே இல்லை. ஆனால் விற்க வந்தவர்கள் மனித மூலதனத்தை, அதாவது ஊழியர்களின் திறமையையும் அனுபவத்தையும், சரியாக நிர்வகித்தால் கம்பெனி தானாக வளரும் என்றார்களே, அங்கேதான் இடிக்கிறது. டாஷ்போர்டில் வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை சதவீதம் என்று ஒரே ஒரு எண், பெரிய சிவப்பு எழுத்தில்; தானாகப் போனவர் யார், கம்பெனி அனுப்பியவர் யார், நன்றாக வேலை செய்பவர்கள் எந்த மேனேஜரிடமிருந்து கிளம்புகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. ஆள்சேர்ப்பு, திறன், தலைமை, பணிவிலகல் என்று எதையெல்லாம் அளக்கலாம் என்பதற்கு ஐஎஸ்ஓ 30414 என்ற சர்வதேசத் தரநிலை 2018-லேயே வந்துவிட்டது, அதில் பாதியாவது இருக்க வேண்டாமா? பயிற்சிப் பகுதி இன்னும் மோசம். வீடியோவை ஓடவிட்டு எழுந்து போய்விட்டு வந்தாலும் 'முடித்தார்' என்று பச்சை டிக் விழும். அப்புறம் பயிற்சி மணிநேரத்தையும் விற்பனையையும் ஒரே கிராஃபில் போட்டு, இதனால்தான் அது என்கிறது. லாபம் வந்த வருஷம் பயிற்சிக்குக் கூடுதலாகச் செலவழிப்பார்கள், தலைகீழாகவும் இருக்கலாம் அல்லவா? சின்ன கம்பெனி என்றால் சம்பளக் கணக்குக்கு மட்டும் வாங்குங்கள். மூன்று நட்சத்திரம்.