கண்ணாடிபோல் மின்னிய தட்டு: ஆர்எக்ஸ்-7 எஞ்சினைப் பிரிக்கக் கொடுப்போர் கவனத்திற்கு

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு பட்டறையில் 17,500 வெள்ளியை (ரிங்கிட்) தொலைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என் வண்டி 1995-ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-7. இரட்டை டர்போ வைத்த 13பி எஞ்சின். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி வகை. சூடானபின் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகத் திணறியது. எஞ்சினுக்குள் அழுத்தம் குறைந்துவிட்டது என்பதற்கு ரோட்டரி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அறிந்த அடையாளம் அது. பிரித்துப் பார்த்தபோது, ரோட்டரின் இருபுறமும் இருக்கும் வார்ப்பிரும்புத் தட்டுகளில் சைடு சீல் (ரோட்டரின் பக்கவாட்டில் வாயு கசியாமல் அடைக்கும் மெல்லிய பட்டை) ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தத் தேய்மானத்துக்கு மாஸ்டா கையேடு தரும் உச்ச வரம்பு 0.10 மில்லிமீட்டர்.

“புதுத் தட்டு எதற்குத் தம்பி, வீண் செலவு. லேப்பிங் செய்து, அதாவது சமமாகத் தேய்த்து, திரும்ப நைட்ரைடிங்கும் போட்டு வாங்கித் தருகிறேன்” என்றார் பட்டறைக்காரர். மூன்று தட்டுகளுக்கும் சேர்த்துத் தனியாக 3,600 வெள்ளி. “சரி அண்ணே” என்றேன்.

நான் பணம் கொடுத்ததே அந்த நைட்ரைடிங்குக்காகத்தான். தட்டின் மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றி இறுகச் செய்த மெல்லிய தோல் ஒன்று உண்டு. சீல்களின் உரசலைத் தாங்குவது அதுதான். தட்டைச் சீவினால் அந்தத் தோலும் போகும். சிலர் தோல் இல்லாமலே பூட்டி, சீக்கிரம் தேயும் என்று சொல்லியே கொடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இவர் போட்டதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்.

இரண்டு வாரத்தில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. முகம் பார்க்கலாம்போல அப்படி ஒரு மினுமினுப்பு. மயங்கிவிட்டேன். எவ்வளவு சீவினீர்கள், அளந்த தாள் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியை ஒப்படைக்கும்போது சாதாரண அழுத்தமானியைச் செருகி, முள் உயர்வதைக் காட்டினார். ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள். சாதாரண மானியின் முள் அவற்றில் நன்றாக இருக்கும் முகத்தின் அளவில் போய் நின்றுவிடும். மற்ற இரண்டும் செத்திருந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கென்றே உள்ள மானி வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது பிறகுதான்.

ஏழாயிரம் கிலோமீட்டருக்குள் பழைய திணறல் திரும்பியது. கூடவே நீலப் புகை. “ரோட்டரி என்றால் எண்ணெய் குடிக்கத்தானே செய்யும் தம்பி?” என்றார். அதில் பாதி உண்மை. சீல்களுக்கு மசகாக இந்த எஞ்சின் கொஞ்சம் எண்ணெயைத் தானே உள்ளே விட்டு எரிக்கும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைச் சாத்தும் அளவுக்கு அல்ல.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். பேச்சுக் குறைந்த மனிதர். தட்டின்மேல் நேர்விளிம்பை வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகினார். வளைவு 0.04 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, நடுத்தட்டில் 0.08 தடையில்லாமல் நுழைந்தது. பிறகு அலமாரியிலிருந்து யாரும் கைவைக்காத பழைய தட்டு ஒன்றை எடுத்து, ஓரத்தில் அரத்தால் இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. என் தட்டில் இழுத்தார். கடித்தது, இரும்புத்தூள் உதிர்ந்தது. அதற்குமேல் அவர் விளக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

முதல் பட்டறைக்காரரிடம் நைட்ரைடிங் செய்த இடத்தின் ரசீதைக் கேட்டேன். மூன்று முறை நாளை என்றார். நான்காம் முறை, சிலிண்டர் ஹெட் சமன் செய்யும் கடை ஒன்றில் கொடுத்துத் தேய்த்ததாக ஒப்புக்கொண்டார். “அதுவும் இதுவும் ஒன்றுதான்” என்றார். பணத்தைத் திருப்பித் தர முடியாதாம்.

உங்கள் தட்டும் எஞ்சினுக்குள் போகும் முன் நேரில் போய் அரத்தை ஓரத்தில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

மலேசிய நுகர்வோர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுத்திருக்கிறேன். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விசாரணைக்குக் கொண்டுபோக, அரத்தின் கீறல் விழுந்த நடுத்தட்டைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மினுமினுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.