கோலாங்கில் நீளமான ஸ்ட்ரிங்குகள்: நெடுநாள் பயன்பாட்டில் பிடிபட்டவை

கோலாங் என்ற நிரல்மொழியில் ஸ்ட்ரிங் (உரையைத் தாங்கும் மதிப்பு) என்றால், 64 பிட் கணினியில், 16 பைட். எட்டு பைட்டில் முகவரி, எட்டு பைட்டில் நீளம், அவ்வளவுதான். எழுத்துகள் வேறெங்கோ கிடக்கும், அவற்றை மாற்றவும் முடியாது. சின்னச் சின்ன வாசகங்களோடு வேலை செய்யும்வரை இது தெரியாமலேயே காலம் தள்ளலாம். எம்பி கணக்கில் உரை வர ஆரம்பித்தால் இந்த மொழியின் வேகம், தலைவலி இரண்டுக்கும் காரணம் இந்த 16 பைட்தான்.

முதலில் எல்லோரும் இடறும் இடம், லூப்புக்குள் கூட்டல் குறி போட்டு ஒட்டுவது. பழையதை மாற்ற முடியாததால் ஒவ்வொரு முறையும் புது இடம் ஒதுக்கி, இதுவரை சேர்ந்த அத்தனையையும் நகலெடுக்க வேண்டும். 100 பைட் வரிகள் 1 லட்சம் என்று வையுங்கள். கடைசியில் கிடைப்பது 10 எம்பி, ஆனால் வழியில் நகலானது ஏறத்தாழ 500 ஜிபி. 2018இல் 1.10 பதிப்போடு வந்த ஸ்ட்ரிங்ஸ்.பில்டர் இதற்குச் சரியான மருந்து. தோராய அளவு தெரிந்தால் முன்கூட்டியே இடம் ஒதுக்கும் க்ரோவை அழைத்துவிடுங்கள், இடையில் இடம் மாற்றும் வேலையே இருக்காது. பில்டரை வேறு ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது பாயின்டராகவே (அதன் முகவரியாகவே) அனுப்ப வேண்டும். எழுதத் தொடங்கிய பில்டரை மதிப்பாக நகலெடுத்து அதில் எழுதினால் பேனிக் ஆகும், அதாவது நிரல் பிழையோடு நின்றுவிடும்.

அடுத்தது அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படாது. ஒரு ஸ்ட்ரிங்கிலிருந்து துண்டு எடுத்தால் நகல் எடுக்கப்படுவதில்லை, அதே எழுத்துகளைச் சுட்டும் இன்னொரு 16 பைட்தான் உருவாகிறது. வேகத்துக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் 50 எம்பி லாகைப் படித்து, அதிலிருந்து 36 எழுத்து அடையாள எண் ஒன்றை மட்டும் மேப்பில் போட்டு வைத்தால், அந்த மேப் இருக்கும்வரை 50 எம்பியும் விடுபடாது. மெமரி பயன்பாட்டைக் காட்டும் பிப்ராஃப் கருவியைத் திறந்து பார்த்தாலும் குழப்பம்தான். மெமரி எந்த வரியில் ஒதுக்கப்பட்டது என்று ஹீப் புரொஃபைல் சொல்லும், யார் பிடித்து வைத்திருக்கிறார் என்று சொல்லாது. ஆகவே கோப்பைப் படிக்கும் வரியைச் சுற்றியே தேடிக்கொண்டிருப்போம். நீண்ட காலம் வைத்திருக்கப்போகும் துண்டை, தனி நகல் எடுத்துத் தரும் ஸ்ட்ரிங்ஸ்.குளோன் வழியாக அனுப்புங்கள். 1.18 முதல் இருக்கிறது.

பைட் ஸ்லைஸை (மாற்றக்கூடிய பைட் வரிசையை) ஸ்ட்ரிங்காக மாற்றுவதும் முழு நகல். ஓஎஸ்.ரீட்ஃபைல் கொடுத்த 50 எம்பியை அப்படியே மாற்றினால் அந்த நேரத்தில் 100 எம்பி போகும். பைட்ஸ் பேக்கேஜிலும் அதே கன்டெய்ன்ஸ், ஸ்ப்ளிட், கட் எல்லாம் உண்டு, மாற்றாமலே வேலையை முடிக்கலாம்.

கோப்பை வரி வரியாகப் படிக்கும் பஃப்ஐஓ.ஸ்கேனர் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் இயல்பான வரம்பு ஒரு வரிக்கு 64 கேபி. ஒரே வரியில் எழுதப்பட்ட ஜேசன் அதைத் தாண்டினால் ஸ்கேன் ஃபால்ஸ் திருப்பி, லூப் அமைதியாக முடிந்துவிடும். கோப்பு தீர்ந்ததுபோலவே தோன்றும். லூப் முடிந்ததும் பிழை ஏதும் உண்டா என்று எர்ர் அழைத்துப் பார்க்காத நிரல் பாதித் தரவோடு வேலை முடிந்ததாக அறிவித்துவிடும். ஸ்கேன் தொடங்கும் முன்பே பஃபர் அழைத்து வரம்பை உயர்த்துங்கள், தொடங்கிய பின் அழைத்தால் பேனிக். வரி நீளம் கணிக்க முடியாது என்றால் பஃப்ஐஓ.ரீடரின் ரீட்ஸ்ட்ரிங் நல்லது. அதில் ஒரே கவனம்: கடைசி வரியில் நியூலைன் இல்லாவிட்டால் தரவும் இஓஎஃப் (கோப்பு முடிந்தது) பிழையும் சேர்ந்தே வரும். தரவைக் கையாண்ட பிறகே பிழையைப் பாருங்கள்.

நிரலுக்குள்ளேயே நீண்ட உரை வேண்டுமென்றால் பேக்டிக் (`) குறிகளுக்குள் எழுதலாம், ஆனால் அதற்குள் இன்னொரு பேக்டிக் வர முடியாது. ஒரு திரைக்கு மேல் போனால் தனிக் கோப்பில் வைத்து எம்பெட் செய்வதே (நிரலோடு சேர்த்துவிடுவதே) நிம்மதி.

இனி தமிழ் உரை. நீளம் கேட்கும் லென் தருவது பைட் எண்ணிக்கை. ‘தமிழ்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, ரூன் (ஒரு யூனிகோட் குறி) கணக்கில் 5, பைட் கணக்கில் 15. இடைவெளி இல்லாத தமிழ் உரையை 100 பைட்டில் வெட்டினால் 33 ரூன் முழுசாக வந்து, அடுத்ததன் ஒரு பைட் மட்டும் தொங்கும். திரையில் கேள்விக்குறிக் கட்டம் தெரிவது அதனால்தான். வெட்டுமிடத்திலிருந்து யூடிஎஃப்8.ரூன்ஸ்டார்ட் (இந்த பைட்டில் ஒரு ரூன் தொடங்குகிறதா என்ற சோதனை) உண்மை ஆகும்வரை பின்னால் நகருங்கள். அங்கே இருப்பது யூனிகோட்.இஸ்மார்க் (கொம்பு, கால், புள்ளி போன்ற சார்ந்த குறி) ஆக இருந்தால் இன்னும் பின்னால் போங்கள், இல்லாவிட்டால் ‘மி’ வெறும் ‘ம’ ஆகிவிடும். ‘க்ஷ’ போன்ற கூட்டெழுத்துகள் மட்டும் இதற்கும் அடங்காமல் க், ஷ என்று பிரியும்.

‘கொ’ இரண்டு விதமாக வரலாம்: க-வோடு ஒரே குறியாக 6 பைட், அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக 9 பைட். பார்க்க ஒன்றுதான், ஆனால் ஒப்பிட்டால் ஃபால்ஸ். உரை உள்ளே வரும் இடத்திலேயே நார்ம் பேக்கேஜின் என்எஃப்சி (இரு வடிவங்களையும் ஒரே வடிவமாக்கும் முறை) வழியாக அனுப்புங்கள். டேட்டாபேஸில் ஏற்கெனவே கிடக்கும் பழைய பதிவுகளையும் ஒருமுறை அதே வழியில் ஓட்டி எடுங்கள். பழையது 9 பைட்டில் கிடக்க, தேடும் சொல் 6 பைட்டில் போனால் அந்தப் பதிவு சிக்கவே சிக்காது.